க்யூடபிள்யூகே பாக்கெட்டும் எம்எஸ்ஜிஐடியும்: கேள்வி பதில்

அண்ணா, பிபிஎஸ் (கடிதம் போட்டுப் படிக்கும் மின் அறிவிப்புப் பலகை) இப்போது இணையத்தில் டெல்நெட் வழியாகச் சும்மாவே திறக்கிறதே. இன்னும் எதற்குக் கடிதங்களை ஒரே பாக்கெட் கோப்பாக இறக்கி ஆஃப்லைனில் படிக்க வேண்டும்?

1980-களில் போன் பில்லுக்குப் பயந்துதான் இது வந்தது. ஒருவர் லைனைப் பிடித்துக்கொண்டு படித்தால் மற்றவருக்கு என்கேஜ்ட். இன்று லாபம் வேறு: சொந்த எடிட்டர், பழைய பாக்கெட்டுகளில் தேடும் வசதி. மல்டிமெயில் என்ற வாசிப்பு நிரல் போதும். க்யூடபிள்யூகே, ப்ளூ வேவ் ஆகிய இரண்டு பாக்கெட் வகைகளையும் திறக்கும்.

க்யூடபிள்யூகே பாக்கெட்டுக்குள் இருக்கும் மெசேஜஸ்.டாட் கோப்பை நோட்பேடில் திறந்தால் எல்லாம் ஒரே குழப்பமாகக் கிடக்கிறது. எப்படிப் பிரிப்பது?

128 பைட் பிளாக்குகளாக வெட்டுங்கள். முதல் பிளாக்கில் காப்புரிமை வரிதான், விட்டுவிடலாம். அதன்பின் ஒவ்வொரு கடிதத்துக்கும் தலைப்பு ஒரு பிளாக், தொடர்ந்து உடல். தலைப்பின் 117-வது பைட்டிலிருந்து 6 எழுத்தில் மொத்த பிளாக் எண்ணிக்கை இருக்கும். தலைப்பு பிளாக்கும் அந்தக் கணக்கில் அடக்கம். இதைத்தான் நிரல் எழுதுபவர்கள் அடிக்கடி மறக்கிறார்கள். இரண்டாவது கடிதத்திலேயே எல்லாம் 128 பைட் நழுவிவிடும். வரி முடிவுக்கு நியூலைன் கிடையாது, 227 என்ற பைட்தான்.

ஆஃப்லைனில் எழுதிய பதில் சில சமயம் வேறொருவர் கடிதத்துக்குக் கீழே போய் ஒட்டிக்கொள்கிறதே, ஏன் சார்?

பாக்கெட்டில் உள்ள கடித எண் அந்த பிபிஎஸ்ஸுக்கு மட்டும் சொந்தம். நீங்கள் பதில் எழுதிக்கொண்டிருந்த இரண்டு நாளில் அங்கே பழையதை அழித்து மறுபடி எண் போட்டிருப்பார்கள். நீங்கள் குறித்த 412 இப்போது வேறு கடிதம். பிபிஎஸ் அதன் அடையாளத்தை எடுத்து ரிப்ளை வரியில் எழுதிவிடும். தப்பு, பிபிஎஸ்கள் கடிதம் பரிமாறும் வலை முழுக்கப் பரவும். சிங்க்ரோநெட் போன்ற பிபிஎஸ் மென்பொருள்கள் பாக்கெட்டிலேயே எம்எஸ்ஜிஐடியை (வலை முழுக்க ஒரு கடிதத்துக்கு மட்டும் சொந்தமான அடையாள வரி) தர முடியும். அந்த அமைப்பை இயக்குங்கள். இல்லாவிட்டால் சீக்கிரம் ஏற்றுவதுதான் வழி.

எம்எஸ்ஜிஐடியை நானே உருவாக்க வேண்டும். கணினிக் கடிகாரத்தின் நொடிக் கணக்கை அப்படியே போடலாமா?

வடிவம் இது: மதிப்பு 1 உள்ள கட்டுப்பாட்டு பைட், ‘MSGID:’ என்ற பெயர், அனுப்பும் அமைப்பின் முகவரி, பிறகு 16-அடிமான 8 இலக்கத் தொடரெண். கடைசி இரண்டுக்கும் உதாரணம் ‘2:999/99.1 65432109’. ஒரே முகவரியிலிருந்து 3 ஆண்டுக்குள் அதே எண் திரும்ப வரக் கூடாது என்பது ஃபிடோநெட் என்ற பிபிஎஸ் வலையின் விதி.

நொடிக் கணக்கு மட்டும் போதாது. ஏற்றிய பாக்கெட்டில் 20 பதில் இருந்தால் ஒரே நொடியில் 20-ம் பதிவாகும், 20-க்கும் ஒரே எண். கடைசியாகக் கொடுத்த எண்ணை ஒரு கோப்பில் வையுங்கள். நொடிக் கணக்கு, கடைசி எண்ணோடு ஒன்று கூட்டியது, இவற்றில் எது பெரிதோ அதைக் கொடுங்கள். எழுதும்போது கோப்பைப் பூட்டுங்கள். எடிட்டரும் தானியங்கி அறிவிப்பு நிரலும் ஒரே முகவரியில் ஓடினால், இரண்டும் அந்த ஒரே கோப்பைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரே கடிதம் இரண்டு தடவை வருகிறது. டூப் செக் (இரட்டைக் கடிதத்தைத் தடுக்கும் சோதனை) போட்டும் நிற்கவில்லை.

நடுவில் யாரோ அடையாளத்தை மாற்றுகிறார்கள். ஒரு வலையிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தும் கேட்வே புது எம்எஸ்ஜிஐடி போட்டால், டாசருக்கு (வந்த கடிதங்களைப் பிரித்துப் பகுதிகளில் சேர்க்கும் நிரல்) அது புதுக் கடிதம்தான். இரண்டு பிரதியின் எம்எஸ்ஜிஐடியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறாக இருந்தால் பாத் வரிகள் (கடிதம் கடந்து வந்த பிபிஎஸ்களின் பட்டியல்) எங்கே பிரிகின்றன என்று தேடுங்கள். பெயர், விஷயத் தலைப்பு (சப்ஜெக்ட்), தேதியை மட்டும் ஒப்பிடும் டாசர் நேர்மாறு: க்யூடபிள்யூகேயில் நேரம் நிமிடம் வரைதான் என்பதால், ஒரே தலைப்பில் அடுத்தடுத்துப் போட்ட நல்ல கடிதங்களையே தின்றுவிடும்.

தமிழில் எழுதினால் புள்ளி வைத்த எழுத்தெல்லாம் உடைகிறது. யூடிஎஃப்-8 தான் வைத்திருக்கிறேன்.

புள்ளிக்கு மூன்று பைட்: 224, 175, 141. அந்த 141-ஐப் பழைய ஃபிடோ விதி ‘மென்மையான வரிமுடிவு’ என்று கொண்டு புறக்கணிக்கச் சொல்கிறது. ரஷ்யர்கள் இதே பைட்டால் தங்கள் பெரிய ‘ந’ எழுத்தை இழந்து, லத்தீன் எழுத்தைப் போட்டுச் சமாளித்தார்கள். நமக்குப் புள்ளிக்கு மாற்று இல்லை. உள்ளூர்ச் சோதனைப் பகுதியில் ‘க்’ மட்டும் எழுதி அனுப்பி, ஒவ்வொரு கட்டத்திலும் 6 பைட் இருக்கிறதா என்று எண்ணுங்கள். 5 ஆன இடத்து நிரலில் 141-ஐ நீக்கும் வசதியை அணையுங்கள். 227 தமிழ் எழுத்துகளில் வருவதில்லை, தப்பித்தோம். விஷயத் தலைப்புக்கு 25 பைட்தான்: ‘வணக்கம்’ 21 பிடிக்கும், அடுத்த சொல் வெட்டுப்படும். நீளத் தலைப்பு வேண்டுமானால் க்யூடபிள்யூகேஇ வகைப் பாக்கெட் எடுங்கள்.