நன்கொடையாக வரும் பழைய கணினிகள்: எதை வைப்பது, எதைக் கழிப்பது?

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீட்டின் முகப்பில் ஊர்ப் பிள்ளைகளுக்காக ஒரு கணினி அறை தொடங்க நினைக்கிறோம். சென்னையில் இருக்கும் சித்தப்பா தன் அலுவலகத்துப் பழைய டெஸ்க்டாப் 15 தருகிறார். எல்லாம் விண்டோஸ் 10. நாலைந்து ஓடவில்லை. சரிசெய்துவிட முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். ஆனால் பதினைந்தையும் ஓட்டியே தீருவது என்று இறங்காதீர்கள். பத்து நன்றாக ஓடினால் போதும். மற்ற ஐந்தும் உதிரிபாகத்துக்கு உதவும். ஆமை வேகத்தில் நகரும் கணினி முன்னால் எந்தப் பிள்ளையும் இரண்டாம் நாள் உட்காராது. பழைய குண்டு மானிட்டர்களைத் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவற்றின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது.

ஹார்ட் டிஸ்க்குகளைச் சென்னையிலேயே கழற்றி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சாதாரணமாக ஃபார்மட் செய்தால் அலுவலகக் கணக்குகள் அழிந்துவிடாது, மீட்டெடுக்க முடியும். எப்படியும் நீங்கள் புதிதாக 256 ஜிபி எஸ்.எஸ்.டி. (ஹார்ட் டிஸ்க்கின் இடத்தில் போடும், அதைவிட வேகமான சேமிப்பகம்) போடத்தான் வேண்டும். பழைய கணினிக்கு இதைவிடப் பயனுள்ள செலவு கிடையாது. அடுத்தது ரேம் (கணினியின் தற்காலிக நினைவகம்), 8 ஜிபி இருந்தால் நிம்மதி. வாங்குமுன் உள்ளே இருக்கும் ரேம் எந்த வகை, டிடிஆர்3-ஆ, டிடிஆர்4-ஆ என்று பாருங்கள். ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது.

ஓடாதவற்றை உடனே ஒதுக்கிவிட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி, அதன் தங்க நிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, மறுபடி 'டக்' என்று உட்காரும்வரை அழுத்துங்கள். செத்ததாக நினைத்த கணினி பல சமயம் இதிலேயே எழுந்துகொள்ளும். தேதியும் நேரமும் பல வருடம் பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் (எல்லாப் பாகங்களும் இணையும் முக்கிய சர்க்யூட் பலகையில்) உள்ள நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள். நேரம் தவறாக இருந்தால் பாதுகாப்பான இணையதளங்கள் திறக்காது. நெட்தான் சரியில்லை என்று நினைத்து அலைவீர்கள். மதர்போர்டில் சின்ன உருளைகளாக நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால் அந்த மதர்போர்டைக் கழித்துவிடலாம். ப்ளோயரால் தூசி ஊதும்போது ஃபேன் இறக்கை சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு, அதாவது வழக்கமான பாதுகாப்பு அப்டேட், 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் ப்ராசஸர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றலாம்தான், ஆனால் பிள்ளைகள் புழங்கும் இடத்தில் நான் அதைச் சொல்ல மாட்டேன். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான இயங்குதளத்தைப் போடுங்கள், இலவசம். பதினொன்றாம் வகுப்பின் சி++, பன்னிரண்டின் பைத்தான் இரண்டும் அதில் அருமையாக ஓடும். தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்துவிடுங்கள். கிவிக்ஸ் என்ற மென்பொருள் மூலம் தமிழ் விக்கிப்பீடியாவை இறக்கி வைத்தால் நெட் இல்லாத நாளிலும் படிக்கலாம்.

உங்களுடையது பழைய வீடு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: எர்த் (கசியும் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கும் இணைப்பு) பாருங்கள். பழைய வயரிங்கில் பல இடங்களில் எர்த் இருக்காது. அப்போது எஸ்.எம்.பி.எஸ்.ஸில் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியில்) இருந்து கசியும் மின்சாரம் கேபினெட்டுக்கு வந்து, தொட்டால் சுள்ளென்று இருக்கும். வெறுங்காலோடு பிள்ளைகள் உட்காரும் இடம் அது. எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்து, எர்த் சரியான பிறகே கணினிகளை இறக்குங்கள்.

கழித்த பாகங்களைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். செம்புக்காக வயரைக் கொளுத்துவது இன்னமும் நடக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள்.

அப்புறம், சாவி. நம் செட்டிநாட்டுப் பக்கத்துப் பெரிய வீடுகள் பலவும் வருடத்தில் பாதி நாள் பூட்டியே கிடக்கின்றன. விசேஷத்துக்கு வரும்போது மட்டும் திறந்தால் கணினிகள் மறுபடி தூசி பிடித்துவிடும். தினமும் மாலையில் திறந்துவைக்க ஊரிலேயே இருக்கும் ஒருவரைப் பிடியுங்கள், அவருக்குச் சம்பளமும் கொடுங்கள். ரேம் கழற்றி மாட்ட பிளஸ் டூ பிள்ளைகள் இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுங்கள். தினமும் திறக்க ஆள் அமைந்த பிறகு சித்தப்பாவிடம் வண்டி அனுப்பச் சொல்லலாம்.