மில்காரரின் கதையை யார் கேட்பது?

வணக்கம். என் தாத்தா பெரம்பூர் பி அண்டு சி (பக்கிங்ஹாம் அண்டு கர்நாடிக்) துணி மில்லில் வேலை பார்த்தவர். சங்கு, ஷிஃப்ட், ஸ்டிரைக் என்று சொன்னதையே சொல்கிறார். வீட்டில் யாரும் காது கொடுப்பதில்லை. வாரம் ஒரு கேள்வி அனுப்பி, வரும் பதில்களைப் புத்தகமாக அச்சடித்துத் தரும் நிறுவனங்கள் இருக்கின்றனவே, பணம் கட்டலாமா?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

கட்டலாம், தப்பில்லை. ஆனால் அந்தக் கேள்விகள் பெரும்பாலும் 'சின்ன வயதில் என்ன ஆசை?' என்கிற ரகம். உங்கள் தாத்தா சொல்வது அவர் ஒருவருடைய கதை இல்லையே. ஒரே ஷிஃப்டில் நின்ற அத்தனை பேருக்கும் அதில் பங்கு உண்டு.

அந்த மில் தொழிலாளர்கள் சங்கம் கட்டியதே கதை கேட்கப் போன இடத்தில்தான். பெரம்பூரில் செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் ஒரு சபை வைத்துச் சமயச் சொற்பொழிவுகள் நடத்தினார்கள். திரு.வி.க. அங்கே பேசியிருக்கிறார். கேட்க வந்த தொழிலாளர்கள் தங்கள் கஷ்டத்தையும் பேசினார்கள். சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது அவர்களுடைய முதல் குறைகளில் ஒன்று. 1918 ஏப்ரல் 27 அன்று, ஹோம் ரூல் இயக்கத்தைச் சேர்ந்த பி.பி. வாடியா தலைவராக, சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது.

1996-இல் மில்லை மூடினார்கள். ஷெட்டுகளில் சினிமா செட் போட்டார்கள், அப்புறம் அடுக்குமாடி வந்தது. ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். தாத்தா சொன்னதையே சொல்வதற்கு வயது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் "இல்லப்பா, அன்னிக்கு நீ நைட் ஷிஃப்ட்" என்று மறித்துச் சொல்ல ஒருவரும் பக்கத்தில் இல்லையே! மறிப்பவர் இருந்தால்தான் கதை அடுத்த இடத்துக்கு நகரும். 1921 ஸ்டிரைக்கின்போது புளியந்தோப்பில் நடந்த சாதிக் கலவரத்தை ஒரே ஒருவர் சொல்லிக் கேட்டால் என்ன விளங்கும்?

வீட்டில் இருப்பவர்கள் மேல் கோபப்படாதீர்கள். மில் வேலை சங்கு ஊதினால் முடிந்தது. இன்றைய வேலை போனிலேயே ராத்திரி வீட்டுக்குள் வந்துவிடுகிறது. உட்கார்ந்து கேட்கும் பொழுதையும் சேர்த்துத்தான் முதலாளி எடுத்துக்கொள்கிறார்.

வியாசர்பாடியிலோ பெரம்பூரிலோ தாத்தாவோடு வேலை பார்த்தவர் யாராவது இருப்பார். தேடி அழைத்து வாருங்கள். சாதனையைக் கேட்காமல் வேலையைக் கேளுங்கள்: இழை அறுந்தால் எப்படி ஒட்டுவீர்கள்? பதில் வாயில் வருவதற்கு முன்னால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முறுக்கிக் காட்டும். அதனால் வீடியோவாகவே எடுங்கள். நடுவில் இருவரும் ஏதாவது ஒரு தேதிக்காகச் சண்டை போட்டால் தடுக்காதீர்கள். புத்தகத்துக்கு அப்புறம் பணம் கட்டிக்கொள்ளலாம்.