ககாரின் காலத்து விண்வெளிப் போட்டி: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் மனிதரை விண்வெளிக்கு அனுப்பப் போட்டி போட்ட காலத்தைப் பற்றி நிறையக் கேள்விகள் வந்துள்ளன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

பணமும் தொழிற்சாலைகளும் அமெரிக்காவிடம்தான் அதிகம். அப்புறம் எப்படி சார் ரஷ்யா முந்தியது?

குண்டின் எடைதான் காரணம். சோவியத் ஹைட்ரஜன் குண்டு மிகவும் கனமாக இருக்கும் என்று 1950களின் தொடக்கத்தில் கணக்குப் போட்டார்கள். அமெரிக்க விமானங்கள் துருக்கியிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் கிளம்பலாம்; சோவியத்துக்கு அமெரிக்காவின் பக்கத்தில் அப்படித் தளம் எதுவும் இல்லை. அதனால் சுமார் 5 டன் எடையைக் கண்டம் தாண்டி வீசும் ஏவுகணை வேண்டும் என்று ராக்கெட் வடிவமைப்பாளர் செர்கேய் கொரோலேவின் குழுவிடம் கேட்டார்கள். அதுதான் ஆர்-7. அமெரிக்கர்கள் குண்டைச் சிறியதாகச் செய்யக் கற்றுக்கொண்டதால், அவர்களுடைய அட்லஸ் ஏவுகணைக்கு அவ்வளவு வலு தேவைப்படவில்லை.

ஆயுதமாக ஆர்-7 பெரிதாகப் பயன்படவில்லை. ஏவத் தயார்செய்யவே பல மணி நேரம் பிடிக்கும். திரவ ஆக்சிஜனை நிரப்பிவிட்டு நாள்கணக்கில் காத்திருக்கவும் முடியாது. ஆனால் விண்வெளிக்கு வேண்டியது அந்த வலுதான். 1957இல் ஏறிய முதல் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் 83.6 கிலோ. அடுத்த ஆண்டு ஏறிய அமெரிக்காவின் எக்ஸ்ப்ளோரர்-1 சுமார் 14 கிலோ. விண்வெளிக்குப் போன முதல் மனிதரான யூரி ககாரின் சென்ற வோஸ்டாக் கலமோ நாலரை டன்னுக்கு மேல். இன்றைக்குப் பறக்கும் சோயூஸ் ராக்கெட்டும் அதே ஆர்-7 வம்சம்தான்.

அமெரிக்க வீரர் ஆலன் ஷெப்பர்ட் ககாரினுக்கு முன்பே போயிருப்பார் என்கிறார்களே, உண்மையா?

வாய்ப்பு இருந்தது. 1961 ஜனவரி 31இல் ஹாம் என்ற சிம்பன்சியை அனுப்பியபோது, ராக்கெட் திட்டமிட்டதைவிட வேகமாகவும் உயரமாகவும் போய்விட்டது. ஆளை ஏற்றுவதற்கு முன் இன்னொரு சோதனை வேண்டும் என்றார் அமெரிக்க ராக்கெட் குழுவின் தலைவர் வெர்னர் ஃபான் பிரவுன். மார்ச் 24இல் அது ஆளில்லாமல் நடந்தது. ஏப்ரல் 12இல் ககாரின் பறந்தார். ஷெப்பர்டின் முறை மே 5இல்தான் வந்தது.

ஆனாலும் ஷெப்பர்டின் பயணம் மேலே போய் இறங்கிய 15 நிமிடம். ககாரினுடையது 108 நிமிடம், பூமியை ஒரு சுற்று. ஷெப்பர்ட் முந்தியிருந்தாலும் பூமியைச் சுற்றிய முதல் மனிதர் ககாரின்தான். பந்தயத்துக்காக ஓர் உயிரைப் பணயம் வைக்காதது சரியான முடிவு என்றே நான் சொல்வேன்.

ககாரின் கலத்தோடு தரையிறங்கவே இல்லையாமே?

ஆமாம். சுமார் 7 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கையோடு வெளியே வீசப்பட்டு, தனி பாராசூட்டில் சராத்தோவ் பகுதியில் இறங்கினார். திட்டமே அதுதான். பறப்புச் சாதனைகளைப் பதிவுசெய்த சர்வதேச அமைப்பின் விதி, விமானி கலத்தோடு இறங்க வேண்டும் என்றது. அதனால் சோவியத் அதிகாரிகள் பல ஆண்டுகள் இதை மறைத்தார்கள். மறைத்திருக்கவே வேண்டாம், பூமியைச் சுற்றியது சுற்றியதுதானே.

போட்டிக்காக மரணங்களையும் மறைத்தார்களா, அண்ணா?

மறைத்தார்கள், தம்பி. எனக்கு மிகவும் வலிப்பது வாலன்டின் பொண்டரென்கோவின் கதை. ககாரினோடு தேர்வான முதல் குழுவில் ஒருவர், வயது 24. 1961 மார்ச் 23இல் மாஸ்கோவில், ஆக்சிஜன் மிகுந்த சோதனை அறைக்குள் பல நாட்களாகத் தனியாக இருந்தார். உடலில் ஒட்டியிருந்த கருவிகளைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தை ஆல்கஹால் பஞ்சால் துடைத்துப் போட்டார். பஞ்சு மின்சார அடுப்பின் மேல் விழுந்து பற்றிக்கொண்டது. உள்ளே அழுத்தம் வேறாக இருந்ததால் கதவை உடனே திறக்க முடியவில்லை. சில மணி நேரத்தில் மருத்துவமனையில் இறந்தார். அடுத்த 20ஆம் நாள் ககாரின் பறந்தார். பொண்டரென்கோவின் பெயர் சோவியத் பத்திரிகையில் வெளிவந்தது 1986இல்!

1967 ஜனவரி 27இல் அமெரிக்காவின் அப்பல்லோ-1 கலத்தில், தூய ஆக்சிஜனில் தீப்பிடித்து கிரிஸம், ஒயிட், சாஃபி மூவரும் இறந்தார்கள். பொண்டரென்கோவின் விபத்து முன்பே தெரிந்திருந்தால் இவர்கள் தப்பியிருப்பார்களா என்று பலர் கேட்கிறீர்கள். அமெரிக்கச் சோதனை அறைகளிலேயே அதற்கு முன் ஆக்சிஜன் தீ விபத்துகள் நடந்திருந்தன. அவையே போதிய எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. ஆகவே உறுதியாகச் சொல்ல முடியாது.

தெரஷ்கோவா 1963இலேயே போனார். அடுத்த பெண்ணுக்கு ஏன் 19 ஆண்டுகள்?

“முதல் பெண்” என்ற பட்டம் கையில் வந்ததும் சோவியத் தலைமைக்கு அக்கறை போய்விட்டது. மற்ற பெண்களுக்குப் பயணமே தராமல் 1969இல் குழுவைக் கலைத்தார்கள். ஆலைத் தொழிலாளியான வாலன்டினா தெரஷ்கோவா பூமியை 48 முறை சுற்றினார். அது வரை பறந்த அமெரிக்கர் அனைவரின் விண்வெளி நேரத்தையும் கூட்டினாலும் இவர் ஒருவருடையது அதிகம். அமெரிக்கா மட்டும் என்ன செய்தது? ஜெட் சோதனை விமானியாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. அந்த வேலைக்குப் பெண்களை எடுக்கவே இல்லை.

நிலவில் மட்டும் ஏன் ரஷ்யா தோற்றது?

தாமதமும் சண்டையும். அமெரிக்க அதிபர் கென்னடி 1961 மே மாதம் நிலவில் மனிதரை இறக்கும் இலக்கை அறிவித்தார். சோவியத் தலைமை முறைப்படி முடிவெடுத்தது 1964 ஆகஸ்டில். எந்த எரிபொருள் என்பதில் கொரோலேவும் எஞ்சின் வல்லுநர் குளுஷ்கோவும் பிரிந்தார்கள். 1966 ஜனவரியில் அறுவை சிகிச்சையின்போது கொரோலேவ் இறந்தார். நிலவுக்காக அவர் வடிவமைத்த என்-1 ராக்கெட்டின் முதல் அடுக்கில் 30 எஞ்சின்கள். அவற்றை ஒன்றாகத் தரையில் எரித்துப் பார்க்கும் மேடையையே கட்டவில்லை. நான்கு முறை ஏவினார்கள், நான்கும் தோல்வி. 1969 ஜூலை 3இல் விழுந்தது ஏவுதளத்தையே நாசமாக்கியது. நிலவில் முதல் மனிதரை இறக்கிய அப்பல்லோ-11 கிளம்ப அப்போது 13 நாட்களே இருந்தன.