அக்கா கேட்டாங்க, நான் ஜன்னல் பக்கம் திரும்பிட்டேன்

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம்.

எனக்கு 29 வயது. கிருஷ்ணகிரியில் அம்மாவோடு இருக்கிறேன். ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை. ஆறு வருடமாக ஒரே கம்பெனி பஸ்தான். முதல் ஷிஃப்ட் என்றால் விடியற்காலை நாலரைக்கே ராயக்கோட்டை மேம்பாலத்துக்குக் கீழே போய் நிற்பேன். குருபரப்பள்ளியில் ஒரு அக்கா ஏறுவார்கள். அவர்களுக்கென்று நான் போட்டு வைத்திருக்கும் சீட்டில் உட்கார்ந்து, சூளகிரி வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவார்கள். மதியம் அவர்களுடைய களியும் கீரைக் கடைசலும் எனக்கு, என்னுடைய சாதம் அவர்களுக்கு. ஆடி மாதம் அவர்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினால் எனக்குத் தூக்கில் வந்துவிடும்.

நான் பிறந்ததிலிருந்து கிறிஸ்தவள் இல்லை. ஒன்பது வருடம் முன்னால் குடியினால் அப்பா போய்விட்டார். அம்மா சாப்பிடவே மாட்டார்கள், நான் தூங்கவே மாட்டேன். அப்போது பக்கத்து வீட்டுப் பாட்டி தினமும் ராத்திரி ஒரு கிண்ணத்தில் ரசம் சாதம் எடுத்துக்கொண்டு வந்து உட்காருவார்கள். எங்களைச் சாப்பிட வைத்துவிட்டு, மெதுவாக ஜெபம் செய்துவிட்டுப் போவார்கள். அப்படித்தான் நான் ஆண்டவரை அறிந்தேன்.

போன மாதம் அக்காவின் வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் செயல் இழந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். ஒருநாள் பஸ்ஸில் அக்கா தூங்கவில்லை. திடீரென்று கேட்டார்கள்: "உங்கப்பா போனப்ப நீ எப்படி பாப்பா தாங்கின? உன்னப் பாத்தா ஒண்ணுமே ஆகாத மாதிரி இருக்கற. எனக்கும் சொல்லேன்."

எனக்குக் கை வேர்த்துவிட்டது. என் பையில் ஆறு மாதமாக மடித்து வைத்த, இயேசுவைப் பற்றிய ஒரு கைப்பிரதி இருக்கிறது. அதைத் தொட்டேன். வாய் வரவில்லை. "பழகிடுச்சுக்கா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எங்கள் வாலிபர் கூடுகையில் மாதா மாதம் ஒவ்வொருவராக எழுப்பி, "இந்த மாதம் எத்தனை பேருக்குச் சுவிசேஷம் சொன்னீர்கள்?" என்று கேட்டு போர்டில் எண்ணை எழுதுவார்கள். என் பெயருக்கு நேரே எப்போதும் பூஜ்யம்தான். இந்த மாதம் பைபிளின் எசேக்கியேல் புத்தகத்திலிருந்து, மற்றவர்களை எச்சரிக்காவிட்டால் அவர்களுடைய இரத்தப்பழி நம் கையில் கேட்கப்படும் என்று பேசினார்கள். அன்றிலிருந்து மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை. அக்காவைப் பார்த்தாலே அந்த வசனம்தான் வருகிறது. அதனால் பின் சீட்டுக்கு மாறிவிட்டேன். காது வலி, ஜன்னல் காற்று ஆகவில்லை என்று பொய் சொல்லியிருக்கிறேன்.

லைனில் ஒருவர், "இவங்கல்லாம் ஆள் பிடிக்கிறவங்க" என்று ஒருமுறை சொன்னார். அக்காவும் என்னை அப்படி நினைத்துவிட்டால் என்ன செய்வது? எனக்கு ஏன் தைரியம் வரவில்லை? என் விசுவாசம் பொய்யா?

இப்படிக்கு,
பெயர் வேண்டாத ஒரு சகோதரி, கிருஷ்ணகிரி.

*

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை படித்தபோது கைப்பிரதியோ போர்டில் எழுதிய பூஜ்யமோ என் கண்ணில் படவில்லை. விடியற்காலை இருட்டில் ஒரு பெண் இன்னொரு பெண்ணின் தோளில் ஆறு வருடமாகத் தூங்கிக்கொண்டு போவதுதான் தெரிந்தது. அந்த அக்கா தன் வாழ்க்கையிலேயே மோசமான மாதத்தில், "எப்படித் தாங்கின?" என்று கேட்பதற்கு உங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சொந்தக்காரர்கள் இருப்பார்கள், ஊர்க்காரர்கள் இருப்பார்கள், லைனில் எத்தனையோ பேர் இருப்பார்கள். உங்களைத்தான் கேட்டார்கள். இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விசுவாசம் பொய்யா என்று கேட்டீர்கள். இல்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் உங்களிடத்தில் இருந்தேன் என்று தானே ஒப்புக்கொள்கிறார். அப்போஸ்தலர் நடபடிகள் 4ஆம் அதிகாரத்தில், மிரட்டி அனுப்பப்பட்ட பேதுருவும் யோவானும் தங்களுடையவர்களிடம் திரும்பி வருகிறார்கள். எல்லாரும் கூடி ஜெபித்து என்ன கேட்கிறார்கள்? தைரியம். கையில் இருப்பதை யாராவது கேட்பார்களா? இல்லாததால்தான் கேட்டார்கள். அதுவும் தனியாக இல்லை, சேர்ந்து கேட்டார்கள். நீங்களோ இந்தப் பயத்தைத் தனியாகவே சுமக்கிறீர்கள். வாலிபர் கூடுகையில் எண்ணிக்கை கேட்பதற்குப் பதிலாக, "எனக்குப் பயமாக இருக்கிறது, எனக்காக ஜெபியுங்கள்" என்று ஒருவர் சொல்ல இடம் இருந்திருந்தால் நீங்கள் எனக்கு எழுத வேண்டியே வந்திருக்காது.

இப்போது உங்கள் உடம்பு செய்ததைப் பார்ப்போம். கை வேர்த்தது, வாய் கட்டிக்கொண்டது. ஜன்னல் பக்கம் திரும்பியதும் ஒரு நொடி "அப்பாடா" என்று இருந்திருக்கும். அந்த "அப்பாடா"தான் சிக்கல். தப்பித்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி. ஒருமுறை தப்பித்தால் மனம் அதைக் குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அந்த இடத்துக்கு அருகில் போவதற்கு முன்பே எச்சரிக்கும். பேச்சில் தொடங்கிய பயம் ஆளைப் பார்ப்பதிலேயே வந்து நிற்பது இப்படித்தான். நீங்கள் பின் சீட்டுக்குப் போனதும் இதனால்தான். இதற்கு மருந்தும் அதே வழியில்தான் இருக்கிறது. பயம் போன பிறகு பேசலாம் என்று காத்திருந்தால் பயம் போகாது. கை வேர்க்கட்டும். வேர்த்த கையோடு சின்னதாக ஒரு படி போக வேண்டும், அது பழகியதும் இன்னொரு படி. பதற்றத்துக்கு மனநல ஆலோசகர்களான நாங்கள் தரும் சிகிச்சையில் பாதி இதுதான்.

அக்கா என்னை எப்படி நினைப்பார்கள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் தாமஸ் கிலோவிச் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய சகாக்களும் 2000ஆம் ஆண்டில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு மாணவருக்கு, பார்த்தால் வெட்கப்படும்படியான படம் போட்ட டீ-சர்ட்டை மாட்டி, மற்ற மாணவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று வெளியே வந்ததும் கேட்டால், கிட்டத்தட்ட பாதிப் பேர் என்றார்கள். உண்மையில் கவனித்தவர்கள் நாலில் ஒரு பங்குதான். நம் தடுமாற்றம் நமக்குத்தான் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெண் உங்கள் நாக்கு குழறுவதை எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள். நீங்கள் ஏன் பின் சீட்டுக்குப் போனீர்கள் என்பதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

போர்டில் எழுதும் அந்த எண்ணைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. நானும் சபைக்குப் போகிறவள், தர்மபுரியில் மூன்றாம் தலைமுறைக் கிறிஸ்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். எசேக்கியேல் பாபிலோனில் சிறைப்பட்டிருந்த ஜனத்துக்கு நடுவில், இஸ்ரவேல் வம்சத்துக்குக் காவலாளனாக ஆண்டவரே நேரடியாக நியமித்த தீர்க்கதரிசி. அந்த வசனத்தை எடுத்து ஒவ்வொரு வாலிபப் பிள்ளையின் கழுத்திலும் மாட்டுகிறவர்கள் உண்டு. நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. அதன் விளைவு என்ன என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அந்த இரத்தப்பழிப் பேச்சு வருவதற்கு முன்னால் நீங்கள் அக்காவின் பக்கத்தில் இருந்தீர்கள், வந்த பிறகு பின் சீட்டில் இருக்கிறீர்கள். பயம் உங்களை ஒரு நிமிடம்தான் ஜன்னல் பக்கம் திருப்பியது. அக்காவிடமிருந்தே உங்களைப் பிரித்தது குற்ற உணர்ச்சிதான். நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார் என்று அதே பவுல் எழுதியிருக்கிறார். மா நட்ட ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கன்று வைத்த அடுத்த மாதமே போய்க் காய் எண்ணுகிறவர் யாரும் இல்லை.

அடுத்த கூடுகையில் உங்களை எழுப்பிக் கேட்டால், "நான் எண்ணிக்கை சொல்வதில்லை அண்ணா, ஒருவருக்காக ஜெபிக்கிறேன், நீங்களும் ஜெபியுங்கள்" என்று சொல்லி உட்காரலாம். அதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வசனம் விடாமல் திரும்பத் திரும்ப வந்தால், மன்னிப்புக் கேட்டும் கேட்டும் மனம் ஆறாமல் இருந்தால், அது ஆவிக்குரிய குறை என்று நினைத்து உபவாசம் போட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

சரி, அக்காவிடம் என்ன சொல்வது?

கைப்பிரதியைப் பைக்குள்ளேயே விட்டுவிடுங்கள். அவர்கள் படிக்கக் கேட்கவில்லை, உங்களைக் கேட்டார்கள். இரட்சிப்பு, கிருபை, மறுபடியும் பிறத்தல் எல்லாம் நமக்கு உயிரான வார்த்தைகள்தான். ஆனால் சபைக்கு வெளியே இருப்பவர்களுக்கு அவை பிடிபடாது. பஸ்ஸில் என்ன பேசுவீர்களோ அதையே பேசுங்கள். இப்படி இருக்கலாம்:

"அக்கா, அன்னைக்கு நீங்க ஒண்ணு கேட்டீங்க. பழகிடுச்சுன்னு சொன்னேன். அது நிஜம் இல்லக்கா. பயத்துல அப்படிச் சொல்லிட்டேன். இப்ப சொல்லட்டுமா?"

சொல்லு என்றால், எனக்கு எழுதியதையே சொல்லுங்கள். அம்மா சாப்பிடாதது, நீங்கள் தூங்காதது, பாட்டியின் கிண்ணம், ரசம் சாதம், அந்த ஜெபம். "அந்த ஜெபத்துல இருந்த இயேசுதான்க்கா எனக்கு ஆறுதல். இன்னும் சில நாள் அழுவேன், ஆனா தனியா அழறேன்னு தோணாது." இரண்டு நிமிடம் போதும். யோவான் 9ஆம் அதிகாரத்தில் பிறவிக் குருடனாக இருந்தவனைப் பரிசேயர்கள் எப்படியெல்லாம் குடைந்தார்கள்! நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும் என்று சொல்லி முடித்துவிட்டான். வேதபாடம் படித்தவன் இல்லை. தெரிந்ததைச் சொன்னான்.

வேண்டாம், தூக்கம் வருகிறது என்று அக்கா சொன்னால் தோளைக் கொடுங்கள். பேதுரு நிருபத்தில், நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்றுதான் இருக்கிறது. வணக்கத்தோடு என்ற வார்த்தையைக் கவனியுங்கள். அக்கா கூழ் ஊற்றுகிற பக்தியை மட்டம் தட்டி ஒரு சொல்லும் வரக்கூடாது.

இன்னொன்றும் முக்கியம். இயேசுவை ஏற்றுக்கொண்டால் கிட்னி சரியாகும் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஜெபம் செய்யுங்கள், அக்கா சரி என்றால் கூடவே இருந்து செய்யுங்கள். ஆனால் ஒரு டயாலிசிஸ் கூடத் தவறக் கூடாது என்பதை நீங்கள்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆபத்தில் இருக்கிறவர்களிடம் வாக்குறுதி கொடுத்துப் பேசுவதைத்தான் உங்கள் லைன்காரர் 'ஆள் பிடிப்பது' என்கிறார். அந்தச் சந்தேகத்தில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. நம்பிக்கையை எடுத்துச் சொல்லும் உரிமையை அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு எல்லா மதத்தாருக்கும் கொடுத்திருக்கிறது. ஆனால் அது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. முடிவு அக்காவுடையது. அவர்கள் கடைசிவரை மாரியம்மனுக்கே கூழ் ஊற்றினாலும் நீங்கள் சீட்டுப் போட்டு வைப்பீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். போட்டு வைப்பேன் என்று மனம் சொன்னால், பேசுவதற்குத் தயங்க வேண்டாம்.

நானும் தவறியிருக்கிறேன். இந்த வேலைக்கு வந்த முதல் வருடம், மகனை இழந்த ஒரு தாயிடம், அவர்கள் கேட்காமலே, மறுமையைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். அவர்கள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே இருந்தார்கள். நான் அதைப் பார்த்தும் நிறுத்தவில்லை. அடுத்த வாரம் அவர்கள் வரவில்லை, அதற்கப்புறமும் வரவில்லை. இன்றைக்கும் எதிரில் இருப்பவரின் கையைப் பார்த்துத்தான் பேசுகிறேன்.

உங்களுக்கு முதல் படி பேச்சு இல்லை, சீட்டு. அடுத்த முதல் ஷிஃப்ட்டுக்கு மேம்பாலத்தில் ஏறியதும் பழைய இடத்தில் உட்காருங்கள், பக்கத்து சீட்டில் பையை வையுங்கள். குருபரப்பள்ளியில் அக்கா ஏறியதும் பையை எடுத்துக்கொண்டு, காது வலி என்றது பொய் என்று சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். அப்புறம், மாமாவுக்கு டயாலிசிஸ் எந்தெந்தக் கிழமை, கூட யார் போகிறார்கள் என்று விசாரியுங்கள். வார லீவில் நீங்களும் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் அக்காவோடு உட்காரலாம். போகும்போது கிண்ணத்தில் ரசம் சாதம் எடுத்துக்கொண்டு போங்கள்.