போதைப் பழக்கம்: பெயர் மாறினால் நோய் முற்றிவிட்டதா?

கேள்வி: என் தம்பியின் பழைய மருத்துவக் குறிப்பில் ‘மதுத் தீயபயன்பாடு’ என்று எழுதியிருந்தது. இப்போது வேறொரு மருத்துவர் ‘மதுப் பயன்பாட்டுக் கோளாறு, நடுத்தரம்’ என்கிறார். நோய் முற்றிவிட்டதா? ‘சார்புநிலை’ என்பது வேறா?

பதில்: பெயரை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்ட வேண்டாம், அளவுகோலே மாறியிருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1994-இல் வெளியிட்ட டி.எஸ்.எம். என்ற மனநோய் வகைப்பாட்டுக் கையேட்டின் நான்காம் பதிப்பு, வேலையிலும் வீட்டிலும் கடமை தவறுதல், ஆபத்தான சூழலில் குடித்தல், சட்டச் சிக்கல், உறவுகளில் பூசல் ஆகிய நான்கில் ஒன்று 12 மாதங்களுக்குள் தென்பட்டாலே தீயபயன்பாடு என்றது. சார்புநிலைக்கு ஏழில் மூன்று தேவை: அளவு கூடினால்தான் போதை ஏறுதல், நிறுத்தினால் விலகல் அறிகுறிகள், நினைத்ததைவிட அதிகம் குடித்தல், குறைக்க முயன்றும் இயலாமை போன்றவை.

இந்தப் பாகுபாட்டில் ஒரு பெருங்குறை இருந்தது. சார்புநிலைக்குரிய இரண்டு அறிகுறிகள் மட்டும் உள்ளவர், துன்பப்பட்டபோதும், எந்த நோயறிதலும் இன்றி விடுபட்டுப் போனார். 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பு தீயபயன்பாடு, சார்புநிலை இரண்டையும் ‘பயன்பாட்டுக் கோளாறு’ என்று ஒன்றாக்கி, சட்டச் சிக்கலை நீக்கி, அடக்க முடியாத வேட்கையைச் சேர்த்தது. இப்போது மொத்தம் 11 அறிகுறிகள். இரண்டு அல்லது மூன்று இருந்தால் லேசானது, நான்கு அல்லது ஐந்து நடுத்தரம், ஆறும் அதற்கு மேலும் கடுமையானது. இந்த மாற்றம் நியாயமானது என்றே கருதுகிறேன். முன்பு தீயபயன்பாட்டில் மூன்றும் சார்புநிலையில் இரண்டும் இருந்த ஒருவர், எதுவும் கூடாமலேயே இன்று ‘நடுத்தரம்’ ஆவார். உங்கள் தம்பியும் அப்படிப்பட்டவராக இருக்கலாம்.

சார்புநிலை என்ற சொல் மறைந்துவிடவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. என்ற நோய் வகைப்பாட்டுப் பட்டியலின் பதினோராம் பதிப்பு, 2022 முதல் நடைமுறையில் உள்ளது, அதைத் தனி நோயாகவே வைத்திருக்கிறது: கட்டுப்பாடு இழத்தல், மற்ற எல்லாவற்றையும்விடப் போதைக்கே முதலிடம் தருதல், உடல் பழகிப்போனதன் அறிகுறிகள் ஆகிய மூன்றில் இரண்டு வேண்டும். மருத்துவர் சொன்னபடி வலிநிவாரணி உட்கொள்பவருக்கு உடல் பழகிப்போவது மட்டும் ஏற்பட்டால், அவரை எந்த அளவுகோலும் நோயாளி ஆக்குவதில்லை. இதை அறியாமல் குடும்பத்தினர் பழிப்பது மிகவும் வேதனையானது.

எந்தெந்த அறிகுறிகளைக் கண்டு ‘நடுத்தரம்’ என்றார் என்று மருத்துவரிடமே கேளுங்கள். குடிக்காத நாளில் கைநடுக்கமோ வியர்வையோ இருந்தால், வீட்டிலேயே திடீரென்று நிறுத்தச் செய்யாதீர்கள். வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், மருத்துவக் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும்.