கேள்வி பதில்: முப்பத்தெட்டு வலைப்பூக்கள்

போன இதழில் ஏதோ ஒரு பதிலுக்கு நடுவே, "பிள்ளைகளை வலைப்பூ எழுதவிட்டு இலக்கியம் நடத்தியிருக்கிறேன்" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். மற்றவற்றைக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா, பாடத்தை முடிக்கவே நேரம் போதவில்லை. நோட்டில் எழுதுவதை வலைப்பூவில் எழுதினால் புதிதாக என்ன வந்துவிடப்போகிறது?
(மேல்நிலை வகுப்புத் தமிழாசிரியர் ஒருவர்)

நோட்டில் எழுதுவதையே எழுதினால் ஒன்றும் வராது, ஐயா. நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

முதல் வருடம் ஆர்வக்கோளாறில் 38 பிள்ளைகளுக்கு 38 வலைப்பூ தொடங்கிக் கொடுத்தேன். வாரம் ஒரு பதிவு என்று கணக்கு. மூன்றாவது வாரம் முடியும்போது என் முன்னால் 114 பதிவுகள். இரவு பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்து படித்தால், ஒன்பது பதிவுகளில் 'ஆற்றாமை' என்ற சொல் 'ஆற்றமை' என்றே இருக்கிறது. எல்லோரும் ஒரே உரைநூலைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள், அதில் இருந்த அச்சுப்பிழையோடு. கம்ப்யூட்டரில் எழுதிய பரீட்சைத் தாள், அவ்வளவுதான். படிக்கப்போவது நான் ஒருத்தி மட்டும்தான் என்று அவர்களுக்குத் தெரியும். எனக்கு என்ன வேண்டும் என்பதும் தெரியும்.

அப்புறம் 37 வலைப்பூக்களை மூடினேன். வகுப்புக்கே ஒன்று. வாரம் ஐந்து பேர் எழுதுவார்கள், மற்றவர்கள் படித்துப் பின்னூட்டம் போட வேண்டும். நான் ஞாயிற்றுக்கிழமைவரை வாயைத் திறக்கமாட்டேன். இந்தக் கடைசி விதிதான் கஷ்டமாக இருந்தது, எனக்கு.

குறுந்தொகையின் 40-ஆவது பாட்டை எடுத்துக்கொண்டோம். செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர்போல நம் நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்று முடியுமே, அது. பாட்டின் அடியில் இருக்கும் கூற்றுக் குறிப்பை மறைத்துவிட்டு ஐந்து அடிகளை மட்டும் கொடுத்தேன். பேசுவது யார் என்று சொல்லவில்லை. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் மூன்று வரியில் ஒரு பதிவு போட்டான்: "மழை விழுந்தால் தண்ணீர்தான் சிவப்பாகிறது. மண் அப்படியேதான் இருக்கிறது. அப்படியென்றால் மாறியது யார்?"

மறுநாள் மாலைக்குள் 19 பின்னூட்டங்கள். பேசுவது பெண்தான், மாறியது அவள்தான் என்று ஒரு கட்சி. ஆண்தான் என்று ஒரு கட்சி. நடுவில் ஒரு பெண் எழுதினாள்: "மண் அப்படியே இல்லை. மழைக்கு முன்னால் கையில் எடுத்தால் உதிரும். மழைக்கு அப்புறம் எடுத்தால் ஒட்டும்."

அந்தப் பாட்டை நான் அதற்கு முன் இருபது தடவையாவது நடத்தியிருப்பேன். மண் ஒட்டும் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றியதில்லை.

திங்கட்கிழமை கூற்றைக் காட்டினேன். இவன் நம்மைப் பிரிந்துவிடுவானோ என்று அவள் அஞ்சுகிறாள். அவள் முகக்குறிப்பைப் பார்த்துவிட்டு அவன் சொல்கிறான். வகுப்பில் ஒரே கூச்சல். அன்று இரவே பையனிடமிருந்து இரண்டாவது பதிவு: "அப்படியென்றால் தண்ணீர் அவன்தான். ஏறின நிறத்தை இனிக் கழற்ற முடியாது என்கிறான்." இந்தப் பாட்டை எழுதியவரின் சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை, அவருடைய உவமையை வைத்தே செம்புலப்பெயனீரார் என்று கூப்பிடுகிறோம். அந்தப் பையனையும் அதன்பிறகு வகுப்பு செம்புலம் என்றே கூப்பிட்டது.

நேரம் போதாது என்றீர்களே. ஒரு பாட்டுக்கு ஒரு வாரம் போனது உண்மை. ஆனால் அடுத்த ஆறு பாட்டுக்கு நான் பதவுரை சொல்லவேண்டியிருக்கவில்லை.

பின்னூட்டம் என்றாலே 'அருமை', 'சூப்பர்' என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். இல்லாவிட்டால் சண்டை. என்ன செய்வது?

இரண்டுமே எனக்கும் நடந்தது. 'அருமை' தொல்லைக்கு ஒரு விதி வைத்தேன்: பதிவிலிருந்து ஒரு வரியை எடுத்துப் போட்டுவிட்டுத்தான் பின்னூட்டத்தைத் தொடங்கவேண்டும். வரியை எடுக்கவேண்டுமானால் படித்தாகவேண்டும் அல்லவா.

சண்டை விஷயம் அவ்வளவு லேசாக முடியவில்லை. ஒரு பெண்ணின் பதிவுக்குக் கீழே "உனக்கு எழுத வராது, விட்டுவிடு" என்று ஒருவன் எழுதினான். இரவு ஒன்பது மணிக்குப் போட்டது. நான் பார்த்தது மறுநாள் மதியம். அதற்குள் அதை எல்லோரும் படித்திருந்தார்கள். நீக்கினேன், அவனைக் கூப்பிட்டுப் பேசினேன், அவனும் மன்னிப்புக் கேட்டான். அந்தப் பெண் அந்த வருடம் முழுக்க இரண்டு வரிக்கு மேல் எழுதவில்லை. அது என் தவறுதான். மட்டுறுத்தல் என்று ஒரு வசதி முதல் நாளிலிருந்தே இருந்தது. நாம் பார்த்து அனுமதித்தால்தான் பின்னூட்டம் வெளியே தெரியும். விவாதத்தின் வேகம் குறையுமே என்று அதைப் போடாமல் விட்டிருந்தேன். வேகம் குறைந்தால் குறையட்டும். நீங்கள் போட்டுவிடுங்கள்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. எழுதுவதை உலகமே பார்க்கும் என்பது பயமாக இருக்கிறதே அம்மா?

உலகம் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. அழைத்தவர்கள் மட்டும் படிக்கும்படி வலைப்பூவைப் பூட்டிவைக்கலாம். 38 வாசகர் தாராளம். பல தளங்களில் 13 வயதுக்குக் குறைந்தவர்கள் கணக்கே தொடங்கக்கூடாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளியிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: பூட்டு இருக்கிறதா, பிள்ளையின் சொந்தப் பெயரோ படமோ வருகிறதா, வருடம் முடிந்ததும் என்ன செய்வீர்கள்.

நாங்கள் புனைபெயர் வைத்துக்கொண்டோம். குறிஞ்சிப்பாட்டில் பூக்களின் பெயர் 99 வரிசையாக வருகிறதே, அதிலிருந்து ஆளுக்கு ஒன்று. காந்தளுக்கு மூன்று பேர் அடித்துக்கொண்டார்கள், சீட்டுக் குலுக்கினோம். சுள்ளியை யாரும் சீண்டவில்லை. அதனால் ஆசிரியர் பெயர் சுள்ளி.

எந்தெந்தத் தளங்கள், கருவிகள் உதவும்? ஒரு பட்டியல் தாருங்கள்.

பட்டியல் கொடுத்தால் ஆறு மாதத்தில் பழையதாகிவிடும். நான் விடாமல் பயன்படுத்தியவற்றைச் சொல்கிறேன்.

மூலம் வேண்டுமென்றால், தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம். உரையும் சேர்த்து வேண்டுமென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகம். சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் என்ற அகராதி; சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் அதைத் தேடிப் பார்க்கலாம். 'புலம்' என்று போட்டால் வயல், இடம், திக்கு, அறிவு என்று பொருள் நீண்டுகொண்டே போகும். இதில் எது இந்தப் பாட்டுக்கு என்று சண்டை வந்தால் பாடம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

சொற்களை எண்ணித் தரும் கருவிகள் உண்டு. வோயன்ட் என்று ஒன்று, இலவசம், பார்க்க அழகாக இருக்கும். தமிழுக்கு அதை அப்படியே நம்பவேண்டாம். மலை, மலையில், மலைக்கு, மலையின் எல்லாம் அதற்கு வேறு வேறு சொற்கள். எங்களுக்கு எக்செல் போன்ற சாதாரண விரிதாள்தான் கைகொடுத்தது. குறுந்தொகையில் கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல். ஆளுக்குப் பத்து, பதினொன்று என்று பிரித்தோம். பாட்டு எண், பேசுவது யார், யாரிடம், திணை, வரும் செடி, வரும் பறவை, இவ்வளவுதான் கட்டங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து 'பேசுவது யார்' கட்டத்தை வரிசைப்படுத்தியபோது, தலைவியும் தோழியும் பக்கம் பக்கமாக வந்துகொண்டே இருந்தார்கள், தலைவன் கொஞ்சம்தான் வந்தான். "பெண்கள்தான் பேசிக்கிட்டே இருக்காங்க மிஸ்" என்றான் ஒருவன். பாடியவர்களில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று இன்னொரு கட்டம் சேர்க்கச் சொன்னேன். பெரும்பாலும் ஆண் புலவர்கள். அதற்குமேல் அன்று நான் ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது விக்கிமூலம், பழைய நூல்களைப் பலர் சேர்ந்து இணையத்தில் ஏற்றும் தளம். பழைய நூலின் பக்கப் படம் ஒரு பக்கம், அதிலிருந்து இயந்திரம் படித்துத் தந்த எழுத்து மறுபக்கம். ஒப்பிட்டுத் திருத்தவேண்டும். தமிழில் துணைக்காலும் 'ர'வும் இயந்திரத்துக்கு ஒன்றுபோலத் தெரியும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால் பழைய 'ணை', 'றா' வடிவங்களைப் பார்த்துத் திணறும். பிள்ளைகளும் முதலில் திணறுவார்கள். திருத்திய பக்கம் மஞ்சளாகும். வேறொருவர் சரிபார்த்தால்தான் பச்சையாகும். தான் திருத்தியதைத் தானே பச்சையாக்க முடியாது. இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். "வேகமாகப் படி" என்று சொல்லியே வளர்க்கப்பட்ட பிள்ளைகள் ஒரு பக்கத்தை முக்கால் மணி நேரம், எழுத்து எழுத்தாகப் படிப்பதை அங்கேதான் பார்த்தேன்.

இப்போதெல்லாம் செயற்கை நுண்ணறிவே பதிவு எழுதித் தந்துவிடுகிறதே. இனி இதெல்லாம் எதற்கு?

என் காலத்தில் உரைநூல், இப்போது இது. முன்னது அச்சுப்பிழையில் மாட்டிக்கொண்டது. இது பிழையில்லாமல் எழுதி மாட்டிக்கொள்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளையின் பதிவில் ஒரு ஒற்றுப்பிழைகூட இல்லை என்றால் எனக்குச் சந்தேகம் வரும். ஆனால் அதை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்லிவிடாதீர்கள், உண்மையிலேயே நன்றாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கூகுள் டாக்ஸில் எழுதச் சொன்னால் அடித்து அடித்து எழுதிய வரலாறு முழுக்கக் கிடைக்கும். அதைவிட, கேள்வியை மாற்றுங்கள். "இப்பாடலின் நயம் கூறுக" என்றால் இயந்திரம் அழகாகக் கூறும். "நேற்று வகுப்பில் நீ சொன்ன எந்தக் கருத்தை இன்று மாற்றிக்கொண்டாய்?" என்று கேட்டால் அதற்கு நேற்று என்ன நடந்தது என்று தெரியாது.

எனக்குத் தெரிந்த இளம் ஆசிரியை ஒருவர் இன்னொரு வழி வைத்திருக்கிறார். மழை பற்றிச் சங்கப் பாடல் வரிகள் ஐந்து கொடு என்று இயந்திரத்திடமே கேட்கவைக்கிறார். அது சில சமயம் இல்லாத வரியையும் துளிக்கூடத் தயங்காமல் கொடுக்கும். எது பொய் என்று மூலத்தில் தேடிக் கண்டுபிடிப்பது வீட்டுப்பாடம். பொய் வரியைத் தேடும் சாக்கில் பிள்ளைகள் நிஜ வரிகள் நூறு படித்துவிடுகிறார்கள்.

மதிப்பெண் எப்படிப் போடுவது?

பதிவுக்குப் போடாதீர்கள். பின்னூட்டத்துக்குப் போடுங்கள்.

பாடப்புத்தகத்தில் இருக்கும் புதுக்கவிதையை முழுதாகப் பதிவில் போடலாமா?

காப்புரிமை முடிந்ததா என்று பாருங்கள். இந்தியாவில் பொதுவாக ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு, வேறு பல நாடுகளில் 70. முடியாதவற்றில் பேசத் தேவையான நாலு வரியை எடுத்துக்கொண்டு, எழுதியவர் பெயரோடு போடுங்கள்.

அந்த வகுப்பு வலைப்பூ இப்போதும் இருக்கிறதா, அம்மா?

இல்லை. அந்தப் பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போகும்போது அவரவர் எழுதியதை அவரவரிடம் கொடுத்துவிட்டு மூடினேன். மூடுவதற்கு முன் எதையாவது நீக்கவேண்டுமா, மாற்றவேண்டுமா என்று கேட்டிருந்தேன். பதினோரு பேர் தங்கள் பழைய பதிவுகளைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்றார்கள். செம்புலம் வந்து ஒரே ஒரு எழுத்தை மாற்றவேண்டும் என்றான். அந்த முதல் பதிவில் 'தண்ணீர்' என்பதைத் 'தன்ணீர்' என்று அடித்திருந்தானாம். 19 பேர் அந்த வரியை எடுத்துப் போட்டுச் சண்டை போட்டிருக்கிறார்கள். நான் எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கே இல்லை. ஒருவர் கண்ணிலும் படவில்லை.