பெலாரஸ் மொழியில இலக்கியம் எப்படி வளர்ந்துச்சு?

பெலாரஸ்னதும் 2015ல நோபல் வாங்குன ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச்தான் எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா அவங்க எழுதுறது ரஷ்ய மொழியில. பெலாரஸ் மொழி இலக்கியத்தோட கதை வேற, அதுல முக்கால்வாசி சொந்த ஊருக்கு வெளியிலதான் நடந்துச்சு.

பொலாத்ஸ்க் ஊர்க்காரர் ஃபிரான்சிஸ்க் ஸ்கரீனா 1517ல பைபிளோட சங்கீதப் புத்தகத்தை அச்சுல கொண்டுவந்தார், எங்கேன்னா பிராக் நகரத்துல. அப்புறம் போலிஷ் மொழி இந்த மொழி மேல வந்து உக்காந்துச்சு, அது போய் ரஷ்யப் பேரரசோட ஆட்சி வந்துச்சு, அந்த ஆட்சியை எதிர்த்து 1863ல நடந்த கிளர்ச்சியை அடக்குன பிறகு இந்த மொழியில புத்தகம் போடவே வழியில்ல. அந்தக் கிளர்ச்சியில இருந்த பகுஷேவிச்ங்கிற வக்கீல் 1891ல தன் கவிதைகளைப் புனைபெயர்ல, இப்போ போலந்துல இருக்குற கிராகோவ்ல அச்சடிச்சார், முன்னுரையிலயே நம்ம மொழியை விட்டுடாதீங்க, விட்டா செத்துப்போவோம்னு கெஞ்சுறார். 1906ல வில்னாவுல, அதாவது இன்னைக்கு லிதுவேனியாவோட தலைநகரான வில்னியஸ்ல, 'நாஷா நீவா' பத்திரிகை வந்துச்சு, அதுக்கு நம்ம வயல்னு அர்த்தம், பெரிய கவிஞர்களான குபாலா, கோலஸ் எல்லாம் அதுல எழுதுனவங்கதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது கவிஞர் மக்சிம் பக்தனோவிச். மின்ஸ்க்ல பொறந்தாலும் சின்ன வயசுலயே ரஷ்யாவுக்குப் போய் அங்கேயே வளர்ந்த பையன், தாய்மொழியைப் புத்தகத்தை வச்சே கத்துக்கிட்டான். ஸ்லுட்ஸ்க் ஊர் தறிக்காரப் பொண்ணுங்களைப் பத்தி ஒரு கவிதை இருக்கு, ஜமீன் மாளிகையில அடைச்சு வச்சு சரிகைக் கச்சை நெய்ய விடுறாங்க, பாரசீக டிசைன்தான் போடணும், அவளோ ஜன்னல் வழியா வயலைப் பார்த்துட்டே நெய்றா, கை தன்னால நம்மூரு நீலப்பூவைப் போட்டுடுது. மொழிபெயர்ப்புல படிச்சும் எனக்குத் தொண்டை அடைச்சிடுச்சு, ஏன்னா அந்தப் பொண்ணு அவனேதான். உயிரோட இருந்தப்ப ஒரே ஒரு தொகுப்புதான் வந்துச்சு, 1913ல, அதுவும் வில்னாவுலதான். 1917ல யால்டாவுல காசநோய்ல போனப்ப வயசு 25.

1920கள்ல மின்ஸ்க்ல பள்ளிக்கூடம், பத்திரிகைனு ஒரு நல்ல காலம் வந்துச்சு, ஆனா ஸ்டாலின் ஆட்கள் 1937 அக்டோபர் 29 ராத்திரி ஒரே இரவுல நூறு பேருக்கு மேல சுட்டுக் கொன்னாங்க, அதுல இருபதுக்கு மேல எழுத்தாளர்கள், பெலாரஸ் மொழிக்காரங்களோட யூதர்கள் பேசுற யித்திஷ் மொழிக் கவிஞர்களும் இருந்தாங்க. ஒரு தலைமுறையே போச்சுங்க.

படிக்கணும்னா வசில் பிகாவ்ல ஆரம்பிங்க. போர்ல செத்துட்டார்னு 1944ல வீட்டுக்கே தகவல் போயிடுச்சு, உக்ரைன்ல ஒரு பொதுக் கல்லறையில அவர் பேரும் இருக்கு, மனுஷன் 2003 வரைக்கும் இருந்து அந்தப் போரைப் பத்தியே எழுதுனார், பெலாரஸ் மொழியிலயே.